கிழக்கேகோட்டை முதல் பாளையம் வரை: யாருடைய நம்பிக்கை, யாருடைய செலவு?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்து பத்மநாபசுவாமி கோயிலை நோக்கிச் செல்லும் எவரும் முதலில் எதிர்கொள்வது உடை பற்றிய ஒரு விதியை. ஆண்கள் மேலாடையின்றி வேட்டி மட்டும் உடுத்தே உள்ளே செல்ல வேண்டும். பெண்களுக்குச் சேலை, முண்டு முதலிய மரபுடைகள். சுரிதாருடன் வந்துவிட்ட பெண்கள் அதன்மேலேயே ஒரு வேட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். 2016 நவம்பர் இறுதியில் கோயிலின் செயல் அலுவலர், வேட்டி சுற்றாமலே சுரிதாருடன் செல்லலாம் என்று அனுமதித்தார். எதிர்ப்பு எழுந்தது. கோயில் வழக்கத்தைப் பற்றிய முடிவு தந்திரிக்கு உரியது, அதை மாற்றும் அதிகாரம் அலுவலருக்கு இல்லை என்று டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. சுரிதார்மேல் வேட்டி மீண்டும் ஏறிற்று.

வழிபாட்டிடத்தில் இதைப் பெரிய வினாவாகக் கொள்ள வேண்டியதில்லை. வருகிறவர் அவ்விடத்தின் ஒழுங்குக்கு இசைகிறார். இசைய விரும்பாதவர் வாயிலிலேயே கும்பிட்டுத் திரும்பலாம். ஆனால் கிழக்கேகோட்டையிலிருந்து மகாத்மா காந்தி சாலையில் வடக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சென்றால் பாளையம் வருகிறது. அங்கே பல்கலைக்கழகத் தலைமையகத்தின் அண்மையில் ஜும்ஆ மசூதியும் கத்தோலிக்கப் பேராலயமும் கணபதி கோயிலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. அங்கு வினா தலைகீழாகிறது. பொதுப் பணத்தில் நடக்கும் கல்விக்கூடம் மாணவரின் நம்பிக்கைக்கு எவ்வளவு தூரம் இசைய வேண்டும்? இதைப் புதிய வினா என்றும், பர்தா வழக்குகளோடு வந்த தலைவலி என்றும் எண்ணுவோர் உண்டு. திருவிதாங்கூரின் கல்வி வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இங்குக் கல்விக்கூடம் மத நம்பிக்கைக்கு முழுமையாக இசைந்து நடந்த காலம் ஒன்று இருந்தது. அன்று அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்த நம்பிக்கையைக் கொண்டிருந்தவர்கள் அல்லர்.

1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபனுக்கு ஒப்புக்கொடுத்தபின் திருவிதாங்கூர் மன்னர்கள் பத்மநாபதாசர்களாகவே ஆண்டனர். தீட்டு என்பது அந்த நாட்டில் வெறும் வீட்டு வழக்கம் அன்று. சாலையையும் சந்தையையும் பள்ளியையும் ஆண்ட விதி. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்க முடியாது. அரசுப் பள்ளிகள் பல அத்தெருக்களை அடுத்தே இருந்தன. ஆகவே பள்ளிக் கதவில் தனியாக எதையும் எழுதி ஒட்டத் தேவை எழவில்லை. தெருவே கதவாக இருந்தது. 1834இல் சுவாதித் திருநாள் காலத்தில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி, 1866இல் கல்லூரி வகுப்புகளைக் கண்டு, பின்னர் மகாராஜா கல்லூரியாக வளர்ந்தது. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த கல்லூரி அதுவே. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த அக்கல்லூரியின் வகுப்பறைகளில் எந்த ஐரோப்பியச் சிந்தனைக்கும் தடை இல்லை. தடை வேறிடத்தில் இருந்தது.

அத்தடையில் முட்டிக்கொண்டவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் பல்பு. 1863இல் இதே நகரின் பேட்டையில் ஈழவக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும் திருவிதாங்கூர் அவருக்கு இடம் தரவில்லை. அவர் சென்னைக்குச் சென்று மருத்துவம் கற்றார். திரும்பி வந்தபோது வேலையும் மறுக்கப்பட்டது. மைசூர் சமஸ்தானம் அவரை ஏற்றுக்கொண்டது; பெங்களூரைப் பிளேக் நோய் சூறையாடியபோது அங்கு முகாம்களில் பணியாற்றியவர் அவர். தன் நாட்டு நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்க்கத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்ட மருத்துவர், அடுத்த நாட்டில் கொள்ளைநோய்க்கு நடுவே நின்றார். 1896இல் அவர் முயற்சியால் மன்னரிடம் அளிக்கப்பட்ட ஈழவ விண்ணப்பத்தில் 13,176 பேர் கையொப்பமிட்டிருந்தனர். அரசுப் பள்ளியும் அரசு வேலையும் எங்களுக்கும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

மேற்சாதியாரின் மனம் புண்படும் என்பதே அன்று அரசின் பக்கத்தில் எப்போதும் தயாராக இருந்த விடை. அதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வரலாற்றை அப்படிப் படிப்பது தவறாகும். தீட்டு நம்பிக்கை பலருக்கு உண்மையான நம்பிக்கையாகவே இருந்தது. குளித்து முழுகித் தூய்மை பெறும் வரை உணவைத் தொடாதவர்கள் நடிக்கவில்லை. நம்பிக்கை எவ்வளவு உளமார்ந்தது என்பதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், பல்புவை வெளியே நிறுத்தியதும் ஓர் 'இணக்கம்' என்றே ஆகிவிடும். அளவுகோல் வேறாக இருந்தாக வேண்டும்.

அந்த அளவுகோலைத் தேடித் தந்தவர் எழுத்தறியாத ஒருவர். வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893இல் தடைசெய்யப்பட்ட பொதுச்சாலையில் வில்லுவண்டி ஓட்டியவர். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். புலையர் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் இல்லை என்றால் வயலில் இறங்கமாட்டோம் என்று அவர் நடத்திய வேலைநிறுத்தம், இந்தியாவில் கல்விக்காக உழவுத் தொழிலாளர் நடத்திய போராட்டங்களில் மிகத் தொடக்க காலத்தது. நிலவுடைமையாளரின் தீட்டு நம்பிக்கைக்குப் புலையக் குழந்தை கொடுத்துவந்த விலையில் ஒரு பங்கை அவர் நிலவுடைமையாளர் கணக்கிலேயே எழுதிவிட்டார். அரசாணைகள் வந்தன. ஆணை வந்த பின்னரும் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அவள் அமர்ந்த பள்ளி எரிக்கப்பட்டது. தீயில் தப்பிய பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் இன்றும் காக்கப்படுகிறது.

1912இல் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகப் பேசினார். அச்சபை கூடிவந்த விக்டோரியா ஜூபிலி மண்டபம் பாளையத்தில் பல்கலைக்கழகக் கட்டடத்திற்கு எட்டிய தூரத்தில் உள்ளது. 2019 முதல் அதன் பெயர் அய்யன்காளி மண்டபம். கோயில்களின் கதவு திறக்க 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று சித்திரைத் திருநாள் பலராம வர்மா கோயில் நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். அதை அடுத்து 1937 ஜனவரியில் வெங்ஙானூருக்கு வந்த காந்தியிடம் அய்யன்காளி தெரிவித்த விருப்பம் கோயிலைப் பற்றியது அன்று: தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் கண்ட பிறகே கண்ணை மூட வேண்டும் என்பது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கிற்று, சர் சி.பி. ராமசாமி அய்யர் முதல் துணைவேந்தர். கோயில் திறந்து ஓராண்டு நிறைவதற்குள் பல்கலைக்கழகம் வந்ததை வெறும் தற்செயல் என்று கொள்ளலாம். ஆனால் முந்தையது நிகழாமல் பிந்தையது மட்டும் நிகழ்ந்திருந்தால், அது கிழக்கேகோட்டைத் தெருக்களின் நீட்சியாகவே இருந்திருக்கும். அய்யன்காளி 1941இல் மறைந்தார்.

இதே வினா தமிழ்நாட்டில் சாப்பாட்டுப் பந்தியில் எழுந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பெற்றோரின் வேண்டுகோளுக்கு இணங்கி இரண்டு பிராமணச் சிறுவர்களுக்கு மட்டும் தனியே உணவளிக்கப்பட்டது. ஐயர் தனிவாழ்வில் சாதி பார்க்காதவர். வேறொருவரின் ஆசாரத்துக்கு இடம் கொடுத்ததே அவர் செய்த செயல். ஆயினும் வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் அதை விடவில்லை. காங்கிரஸ் உதவி பெற்ற ஒரு நிறுவனத்தில் தனிப்பந்தி கூடாது என்றனர். ஏற்கெனவே வாக்குக் கொடுத்துச் சேர்த்த அந்த இருவருக்கு மட்டும் வாக்கைக் காப்பாற்றலாம், இனி எவரையும் அந்த நிபந்தனையில் சேர்க்கக் கூடாது என்பது காந்தி சொன்ன வழி. அது எவரையும் நிறைவுசெய்யவில்லை. 1925 ஜூனில் பாபநாசத்தில் அருவியில் சிக்கிய மகளைக் காக்க முயன்று ஐயர் உயிர்நீத்தார்; அந்தச் சச்சரவின் பின்விளைவுகளோ தமிழக அரசியலையே திருப்பிவிட்டன. தனியே உண்பதால் யாருக்கு என்ன இழப்பு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. அடுத்த அறையில் இருந்த சிறுவனிடம் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும்: நீ இருக்கும் இடத்தில் சாப்பிட்டால் அது தீட்டு என்று ஒவ்வொரு வேளையும் அவனுக்குச் சொல்லப்பட்டது.

இவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது வக்கம் மௌலவியின் பணி. திருவனந்தபுரத்துக்கு வடக்கே வக்கத்தில் பிறந்த அவர், 'சுதேசாபிமானி' இதழின் உரிமையாளராக 1910இல் அச்சகத்தையே அரசிடம் பறிகொடுத்தவர். முஸ்லிம் பெற்றோர் அரசுப் பள்ளியை ஐயத்தோடு பார்த்த காலத்தில், அரபு மொழி அங்கேயே கற்பிக்கப்பட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்று அரசிடம் வாதிட்டார். அரசு அரபு ஆசிரியர்களை நியமித்தது. தேர்வுக்கான பொறுப்பையும் அவர் ஏற்றார். இதில் யாருடைய இருக்கையும் பறிபோகவில்லை, யாரும் தெருவில் நிறுத்தப்படவில்லை. கருவூலத்துக்குச் சிறிது செலவு. பள்ளிக்குப் புதிய பிள்ளைகள்.

கேரளம் இவ்வகையான சிறு ஏற்பாடுகளில் தேர்ந்தது. அவற்றை எவரும் சலுகை என்று பெயரிட்டு அழைப்பதுகூட இல்லை. பள்ளிகளில் வெள்ளிக்கிழமை நண்பகல் இடைவேளை நீளமானது. மலபாரில் ரமலான் மாதத்தை ஆண்டு விடுமுறையாகக் கொள்ளும் பள்ளிகள் உண்டு. தலைநகரில் ஆட்டுக்கால் பொங்காலைக்கும் பீமாபள்ளி உரூஸுக்கும் வெட்டுக்காடு தேவாலயத் திருவிழாவுக்கும் உள்ளூர் விடுமுறை விடப்படுகிறது. பொங்காலை நாளில் கிழக்கேகோட்டையைச் சுற்றிய சாலைகளில் செங்கல் அடுப்புகளுக்கு இடையே வண்டி நுழைய வழியிராது. அன்று தேர்வு வைத்தால் நம்பிக்கையற்றவரும் வந்துசேர முடியாது. ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபனின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதற்காகப் பன்னாட்டு விமான நிலையத்தின் ஓடுபாதையே சில மணி நேரம் மூடப்படுகிறது. விமானங்கள் காத்திருக்கின்றன. பெரும்பான்மையின் வழக்கத்துக்கு உலகம் இசைந்து கொடுக்கும்போது அதை மரபு என்கிறோம். சிறுபான்மை மாணவி முழுக்கைச் சட்டை கேட்டால் மட்டும் கோரிக்கை என்ற சொல் வந்து நிற்கிறது.

விடுதலைக்குப் பின் முதல் பெரும் சோதனை வந்தது மிகச் சிறிய ஒரு மதக் குழுவிடமிருந்து. கோட்டயம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் யெகோவாவின் சாட்சிகள் குழுவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. தங்கள் கடவுளைத் தவிர வேறெதையும் துதித்துப் பாடுவது நம்பிக்கைக்கு மாறு என்பது அவர்கள் நிலை. 1985 ஜூலையில் அவர்கள் நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் உதவவில்லை. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்ட மாணவர் அனைவரும் அறிந்த அவ்வழக்கில், 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது. பாடியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர்கள் எவரையும் பாடவிடாமல் தடுக்கவும் இல்லை. இந்திய நீதித்துறையின் மிகச் சிறந்த சில பக்கங்களுள் அவை சேரும் என்று சொல்வதில் தயங்க வேண்டியதில்லை.

அடுத்த களம் தேர்வுக்கூடம். 2015ஆம் ஆண்டின் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வு பெருமளவு மோசடியால் உச்ச நீதிமன்றத்தால் ரத்தாகி, ஜூலை 25இல் மறுதேர்வு குறிக்கப்பட்டது. உடைக்குள் கருவிகளை மறைத்து வைத்ததே மோசடியின் வழி என்பதால், முழுக்கைச் சட்டைக்கும் தலை மறைப்புக்கும் தடை வந்தது. இத்தடைக்கு உள்நோக்கம் கற்பிக்க இடமில்லை. அரைக்கைச் சட்டை விதியின் பின்னால் லட்சக்கணக்கான நேர்மையான மாணவரின் நலன் இருந்தது. கேரள உயர் நீதிமன்றத்தை அணுகிய இரு முஸ்லிம் மாணவியருக்கு நீதிபதி வினோத் சந்திரன் அனுமதி அளித்தார். அரை மணி முன்னதாக வர வேண்டும், பெண் கண்காணிப்பாளர் கேட்டால் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பன நிபந்தனைகள். அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் தீரக்கூடிய சிக்கலாகவே அது இருந்தது. ஆனால் பொதுவான நிவாரணம் கேட்டு உச்ச நீதிமன்றம் சென்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். தேர்வு நாளன்று திருவனந்தபுரத்திலேயே ஒரு மையத்தில், தலைத்துணியையும் சிலுவையையும் கழற்ற மறுத்த கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி ஒருவர் தேர்வெழுத முடியாமல் திரும்பினார். முஸ்லிம் பெண்களின் விவகாரம் என்று ஒதுங்கியிருந்தவர்கள் அன்று சற்றே விழித்திருக்கக் கூடும்.

மறு ஆண்டு ஏப்ரலில் நீதிபதி முகமது முஸ்தாக் அதே வகை வழக்கில் தலைமறைப்பு இஸ்லாத்தின் இன்றியமையாக் கூறு என்று கொண்டு, முன்கூட்டி வந்து சோதனைக்கு உட்படுவோரை அனுமதிக்கப் பணித்தார். இன்று நீட் தேர்வின் தகவல் குறிப்பேட்டிலேயே, மரபுடை அணிவோர் முன்னதாக வரவேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஆனால் 2018 டிசம்பரில், திருவனந்தபுரத்துத் தனியார் கிறித்தவப் பள்ளி ஒன்றில் முழுக்கைச் சட்டையும் தலைமறைப்பும் கேட்ட சிறுமியரின் வழக்கில் அதே நீதிபதி, நிறுவனத்தின் உரிமையே மேலோங்கும் என்று தீர்ப்பளித்தார். முரண்பாடு என்று சிலர் கூறினர். முதல் வழக்கில் எதிரே நின்றது பொதுத் தேர்வு நடத்தும் அரசு அமைப்பு. இரண்டாவதில் தன் தன்மையைத் தானே வகுக்கும் உரிமையுள்ள தனியார் நிறுவனம். சட்டத்தில் இந்த வேறுபாடு நிற்கும். கழுத்துப் பட்டை கட்டிப் பள்ளிப் பேருந்தில் ஏறும் ஒரு சிறுமிக்கு அது புரியுமா என்பது வேறு. கர்நாடக வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் எதிரெதிர்த் தீர்ப்புகளை எழுதியதிலிருந்து, நாட்டுக்கே இவ்வினாவில் ஒரே விடை இல்லை.

இந்த மண்ணில் பெண் உடுத்துவது பற்றிய வழக்கு எதுவும் புதிதாகப் பிறப்பதில்லை என்பதையும் இங்கே நினைக்கலாம். தென்திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மூடியதே ஒரு காலத்தில் கலகமாயிற்று. 1859 ஜூலை 26 பிரகடனம் மூடிக்கொள்ளலாம் என்று இணங்கியபோதும், மேற்சாதிப் பெண்களைப் போல அல்லாமல் வேறு விதமாக மூட வேண்டும் என்று வரையறுத்தது.

கடைசியாக 2023. பல்பு மறைந்தது 1950 ஜனவரியில்; மறு ஆண்டு அவர் பிறந்த நகரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதே கல்லூரியின் முதல்வருக்கு ஜூன் மாதம் ஏழு மாணவியர் ஒரு கடிதம் எழுதினர். அறுவை அரங்கில் தலைமறைப்புக்கு இடம் இல்லை. ஆகவே முழுக்கை மேற்சட்டையும் தலையையும் கழுத்தையும் மூடும் அறுவை முகமூடித் தொப்பியும் அணிய அனுமதி வேண்டும் என்பது கோரிக்கை. கடிதம் வெளியே கசிந்ததும் ஊரெங்கும் கூச்சல் எழுந்தது. கேட்டவர்களின் குரலை அதில் கேட்க முடியவில்லை.

பழைய அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் எளிய விடை ஒன்றும் கிடைப்பதில்லை. அதுவே இவ்வழக்கின் சிறப்பு. இங்கு எதிரே இருப்பவர் மேசைமேல் மயக்கத்தில் கிடக்கும் நோயாளி. தம் செலவில் நடக்கும் இணக்கத்துக்கு அவரால் ஒப்புதல் தர முடியாது. கைகளையும் முன்கையையும் முழங்கை வரை திரும்பத் திரும்பக் கழுவுவது அரங்கின் அடிப்படை ஒழுங்கு. ஈரமான கைநுனி கிருமியைச் சுமக்கும். கல்லூரி நிர்வாகம் சொன்னது இதைத்தான். ஆயினும் அத்தோடு கதவைச் சாத்தவில்லை. அறுவை மருத்துவரும் தொற்றுக் கட்டுப்பாட்டு வல்லுநரும் அடங்கிய குழுவிடம் விடுவதாகக் கூறியது. அதுவே சரியான முறை. ஏனெனில் கோரிக்கையின் இரு பாதிகளும் ஒன்றல்ல. தலையையும் கழுத்தையும் மூடும் தொப்பி அரங்குகளில் முன்பே உள்ள பொருள். தாடி வளர்த்த அறுவை மருத்துவர் அதை அணிகிறார், எவரும் மதம் என்று கூவுவதில்லை. சிக்கல் கையில் மட்டுமே. பிரிட்டனில் முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்ற விதி வந்தபோது அங்கும் இதே சிக்கல் எழுந்தது. 2010இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், நம்பிக்கை காரணமாக முன்கையை மூட விரும்புவோர் பயன்படுத்தி எறியும் மேல்கை உறைகளை அணிய இடம் தந்தது: முழங்கையிலும் மணிக்கட்டிலும் இழுபட்டை உடையவை, கையுறையைப் போலவே மாற்றப்பட வேண்டியவை, கழுவும் ஒழுங்கில் எந்தத் தளர்வும் இல்லை. நோயாளியைச் சோதனைப் பொருளாக்காமல் மாணவிக்கு இடம் தரும் வழி அது. உறைக்கான செலவு சில ரூபாய். அதை மாணவியே கொடுத்தாலும் கல்லூரி கொடுத்தாலும் மூன்றாமவர் எவர் கணக்கிலும் அது ஏறாது.